தோட்டத்துப் பட்டணத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு: குழாயில் நல்ல தண்ணீர் வரச் செய்ய வேண்டியவை

பெஸ்தாரி ஜெயா, பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரு சின்னப் பட்டணம். கோலாலம்பூர் வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வாடகை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் விசாரிப்பார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. குழாயைத் திறந்து பார்த்து, வந்தால் சரி என்று போய்விடுவார்கள். வீடு மாறிய பிறகுதான் பாக்கி பில், கலங்கல் தண்ணீர், பெயர் மாற்றாத கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். என் குடும்பமும் இதையெல்லாம் அனுபவித்தது. அடுத்து வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். நான் சொல்வது சிலாங்கூர் நிலவரம். மற்ற மாநிலங்களில் நீர் நிறுவனத்தின் பெயரும் கட்டணமும் மாறும், பாதை ஏறக்குறைய இதுதான்.

1. முதலில் கேளுங்கள்: இது யாருடைய தண்ணீர்?

எந்த ஆபீசுக்குப் போவது, என்ன பத்திரம் எடுப்பது, யார் பணம் கட்டுவது, தண்ணீரை எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, சிலாங்கூரின் நீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனி மீட்டர் வழியாக வருவது. தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது, தோட்டத்துக்கு மொத்தமாக ஒரு பெரிய மீட்டர் இருந்து, அங்கிருந்து தோட்ட நிர்வாகம் லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகளுக்குப் பிரித்து விடுவது. மூன்றாவது, தோட்டத்தின் சொந்தக் குளம், கிணறு அல்லது ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைத்து விடுவது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாசலருகே மீட்டர் இருக்கிறதா, அதன் எண் பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலையில் முதல் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் அது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதாக இருக்கலாம். மழை பெய்த மறுநாள் தண்ணீர் நிறம் மாறினால் குளத்து நீராக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் தோட்ட ஆபீஸ் கிராணியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே லயத்தில் பாதி வீட்டுக்கு ஒரு வகை, மீதிக்கு இன்னொரு வகை வருவதும் உண்டு.

2. முன்பணம் கொடுப்பதற்கு முன்

கடைசித் தண்ணீர் பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் கணக்கு எண், கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பாக்கி எவ்வளவு என்ற மூன்றும் இருக்கும். பாக்கி இருந்தால் அதை அடைத்த ரசீதைப் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று எங்களிடமும் சொன்னார்கள். குடிவந்த பிறகு தண்ணீரை வெட்ட ஆள் வந்தபோது வாசலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

சாவி வாங்கும் நாளில், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே மீட்டரைப் படம் எடுங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அதே நாளில் கசிவையும் பார்த்துவிடலாம். வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்து, தொட்டி நிரம்பிய பிறகு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டரிலிருந்து வீட்டுப் பக்கம் உள்ள குழாயெல்லாம் வீட்டின் பொறுப்பு. மண்ணுக்குள் ஒழுகினாலும் பில் வரும். பழைய வீடுகளில் துருப்பிடித்த இரும்புக் குழாய் இருக்கும், அதை யார் செலவில் மாற்றுவது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

3. கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவது

“பழைய பெயரிலேயே கட்டிக்கொண்டிருந்தால் என்ன?” என்று பலர் கேட்பார்கள். ஸ்கிம் ஆயர் டாருல் ஏசான் என்ற மாநில அரசின் திட்டத்தில், வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு மாதம் முதல் 20 கன மீட்டர் இலவசம். சிக்கனமான குடும்பத்துக்கு அதுவே போதும், பில் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். விண்ணப்பம் போடக் கணக்கு எண்ணும் உங்கள் விவரங்களும் பொருந்த வேண்டும். இறந்துபோனவர் பெயரிலோ ஊரை விட்டுப் போனவர் பெயரிலோ இருக்கும் கணக்கை வைத்துக்கொண்டு இதில் சேர முயன்றால் அலைச்சல்தான் மிச்சம்.

வாடகைக்கு இருப்பவர்கள் எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டையின் நகல், முத்திரை குத்திய வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகலும் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும், கடைசிப் பில், மீட்டர் படம். முத்திரை வருமான வரி வாரியத்தில், இணையம் வழியாகவே செய்யலாம். கையெழுத்தான 30 நாளுக்குள் செய்துவிடுங்கள், தாண்டினால் அபராதம். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சின்ன வாடகைக்கு முத்திரைக் கட்டணமும் சின்னதுதான், அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

சொந்த வீடு என்றால் வாங்கிய ஒப்பந்தம் அல்லது கெரான் (நிலப் பட்டா), அதோடு கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று, பெயரின் எழுத்து. பழைய கெரானில் தாத்தா பெயர் ஒரு மாதிரி இருக்கும், அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி. அந்தக் காலத்தில் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதியது. ஓர் எழுத்து வித்தியாசத்துக்கும் கவுண்டரில் நிறுத்துவார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி, பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டு முதலிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலை.

இன்னொன்று, வீடே இறந்தவர் பெயரில் இருப்பது. தண்ணீர்க் கணக்குக்கு மரணப் பத்திரமும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். கெரானை மாற்ற நில அலுவலகத்தில் வாரிசுச் சொத்து விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். ஆகவே இதைத் தண்ணீர் வெட்டிய பிறகு ஆரம்பிக்க வேண்டாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

செலவு: பெயர் மாற்றத்துக்கு முன்வைப்புத் தொகையும் முத்திரையும்தான் முக்கியம். முன்வைப்புத் தொகை கணக்கை மூடும்போது திரும்ப வரும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீட்டரே இல்லாத வீட்டுக்குப் புதிய இணைப்பு எடுப்பது வேறு கதை. தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் பெர்மிட் பெற்ற பிளம்பர் வரைபடம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு பரிசோதனை, கட்டணம், தேவைப்பட்டால் சாலையை வெட்ட அனுமதி என்று போகும். பெரிய குழாய் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். பிளம்பரின் பெர்மிட்டைக் கேட்டுப் பாருங்கள், விலையை எழுத்தில் வாங்குங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றினால் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம்.

4. தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு

தோட்டத்தில் வேலை செய்து தோட்டம் கொடுத்த வீட்டில் இருந்தால், அந்தத் தண்ணீர் தோட்ட நிர்வாகம் போடும் பிச்சை இல்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தொழிலாளர்களுக்கான வீட்டு வசதி, அடிப்படை வசதிகள் பற்றியது. பொதுக் குழாயிலிருந்து வரும் தண்ணீரைப் போதுமான அளவு, இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. பொதுக் குழாய் வர வழியே இல்லாத இடத்தில்தான் வேறு நீருக்கு விலக்கு, அதுவும் தொழிலாளர் இலாகாவின் அனுமதியோடு. “இங்கே காலங்காலமாகக் குளத்துத் தண்ணீர்தான்” என்பது பதில் ஆகாது. எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை உண்டு. சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்புகிற நிலையம் இந்தப் பட்டணத்துப் பக்கத்திலேயே இருக்கும்போது, லயத்துப் பிள்ளைகள் கலங்கல் தண்ணீர் குடிக்கக் கூடாது.

முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் அந்த நகலோடு மாவட்டத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் கிளைத் தலைவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போவதைவிட லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுவது பலம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு நிலைமை வேறு. இந்தச் சட்டம் வேலையில் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான். ஓய்வுக்கு முன்பே, வீட்டில் தொடர்ந்து இருக்க அனுமதி இருக்கிறதா, தண்ணீர் எப்படி என்று நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி வைப்பது நல்லது. தோட்டம் கை மாறினால் அந்தக் கடிதம் ஒன்றுதான் பேசும்.

5. குறுக்கு வழி வேண்டாம்

மீட்டருக்கு முன்னால் குழாயை வெட்டி இழுத்துத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். அது குற்றம், பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல். பக்கத்து வீட்டிலிருந்து ரப்பர் குழாய் இழுப்பது அவசரத்துக்குச் சரி, மாதக்கணக்கில் வேண்டாம். சிலாங்கூரில் வீட்டுக் கட்டணம் 20 கன மீட்டர் வரை ஒரு விலை, 35 வரை கூடுதல், அதற்கு மேல் இன்னும் கூடுதல் என்று ஏறும். இரண்டு குடும்பம் ஒரு மீட்டரில் குடித்தால் மேல் விலைக்குப் போய்விடும், அப்புறம் சண்டைதான். அழுத்தம் குறைவு என்று பொதுக் குழாயிலேயே நேராகப் பம்ப் மாட்டுவதும் கூடாது. பம்ப் உறிஞ்சும்போது குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும். தொட்டியில் நிரப்பி, தொட்டியிலிருந்து பம்ப் வையுங்கள்.

6. குடிக்கிற குழாய் எது, தொட்டி எப்படி இருக்கிறது

நம் நாட்டு வீடுகளில் சமையலறைக் குழாய் ஒன்று பொதுக் குழாயோடு நேராகச் சேர்ந்திருக்கும், மற்றவை கூரைத் தொட்டியிலிருந்து வரும். பழைய வீட்டில் யாராவது மாற்றிக் கட்டியிருக்கலாம். மீட்டர் பக்கத்து வால்வை அடைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நின்றால் நேர்த் தண்ணீர். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தொட்டித் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் நேர்த் தண்ணீரையே பிடியுங்கள்.

தொட்டியைக் குடிவந்த வாரத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். மூடி காற்றில் பறந்து, பல்லி, பறவை எச்சம், சில வீடுகளில் செத்த எலி வரைக்கும் கிடக்கும். எலி மூத்திரத்தால் வருகிற லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தோட்டப் பக்கத்தில் லேசான விஷயம் இல்லை. கழுவும் முறை இது: தண்ணீரை வடித்து, அடி வண்டலைத் துடைத்தெடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். கால்வாசி நிரப்பி, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சை 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் என்ற கணக்கில் ஊற்றி, பிறகு முழுதும் நிரப்புங்கள். நம் கடைகளில் விற்கும் 100 கேலன் தொட்டி சுமார் 455 லிட்டர், அதற்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடிவிட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. மறுநாள் வடித்து, நல்ல நீரால் கழுவி, மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஞாயிறு காலையில் ஆரம்பித்தால் திங்கள் மத்தியானம் முடியும். பிளீச்சுக்கு ஆகும் சில வெள்ளியைத் தவிர வேறு செலவில்லை. ஆனால் தொட்டிக்குள் இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது, பிளீச்சோடு வேறு எந்தக் கழுவும் மருந்தையும் கலக்கவும் கூடாது.

7. குளத்து நீர், கிணற்று நீர் என்றால் பரிசோதனை

தெளிவாக இருக்கிறது என்பதால் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. தோட்டத்தில் உரமும் களைக்கொல்லியும் போடுகிறார்கள், மழை அதைக் குளத்தில் கொண்டு சேர்க்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உரத்தின் நைட்ரேட்டும் மருந்தும் போகாது. சொல்லப்போனால் நீர் வற்ற வற்ற நைட்ரேட் அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நைட்ரேட் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுத்துவிடும்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கிராமப்புற நீருக்கென்றே சுகாதார அமைச்சின் பாக்காஸ் திட்டம் இருக்கிறது. தனியார் ஆய்வகம் போவதானால் நாட்டின் ஆய்வக அங்கீகாரத் திட்டமான சாமின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துவிட்டு, தேவையானதை மட்டும் கேளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனிக் காசு. ஈ கோலி (மலக் கிருமி), கலங்கல், பிஎச், இரும்பு, மாங்கனீசு, அமோனியா, நைட்ரேட் இருந்தால் போதும். நாட்டின் குடிநீர்த் தரத்தில் ஈ கோலி அறவே இருக்கக் கூடாது, இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசு 0.1, நைட்ரேட் 10, கலங்கல் 5 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) வரைதான். முடிவுத்தாள் வந்ததும் இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். மாதிரியை அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் காசு வீண்.

8. குடிக்கும் தண்ணீர்

நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், போதும். கலங்கலாக இருந்தால் படியவைத்துத் துணியில் வடித்துவிட்டுக் கொதிக்கவையுங்கள். மானிய விலையில் 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 சென். நாளைக்கு 10 லிட்டர் கொதிக்கவைக்கும் குடும்பத்துக்கு மாதம் சுமார் 4 கிலோ கேஸ், அதாவது எட்டு வெள்ளி அளவில் ஆகும். கேஸ் தீர்ந்துபோனால், 5 சதவீத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆற வைத்த தண்ணீரை மூடியுள்ள, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றுங்கள். சொம்பு விட்டு மொள்ளும்போது கையின் அழுக்கும் உள்ளே போகிறது.

ஃபில்டர் விற்க வீட்டுக்கு வருகிறவர்கள் உங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் பழுப்பாகத் திரளும், எல்லாரும் பயந்துபோவார்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு கரைந்து வருவது. அவர்களுடைய சுத்திகரித்த நீரில் மின்சாரம் கடத்த உப்பு இல்லை, அதனால் நிறம் வரவில்லை. இதைப் பார்த்துவிட்டு வருடக்கணக்கான மாதத் தவணையில் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். போட்டுவிட்டால், வீடு தேடி வந்து விற்ற பொருளுக்கு 10 வேலை நாள் ரத்து செய்யும் உரிமை நேரடி விற்பனைச் சட்டத்தில் உண்டு. எழுத்தில் ரத்து செய்யுங்கள். உண்மையாகவே ஃபில்டர் வேண்டுமென்றால், கரி ஃபில்டரைத் தொட்டிக்கு முன்னால் மாட்டாதீர்கள். கரி குளோரினை எடுத்துவிடும், தொட்டித் தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும். சமையலறைக் குழாயில் மாட்டினால் போதும்.

9. தண்ணீர் நிற்கும் நாளுக்கு

2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் ஆறு மாசுபட்டு, சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. ஆளுக்கு நாள் ஒன்றுக்குக் குடிக்க, சமைக்க மட்டும் என்று பார்த்தாலும் சில லிட்டராவது வேண்டும். மூன்று நாளுக்குச் சேர்த்து வையுங்கள். பாத்திரத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த தோங் (பீப்பாய்) எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கு ஆகாது. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். துவைக்க வைத்திருக்கும் தோங்கை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

மழை நீர் துவைக்க, கழிப்பறைக்கு அருமையானது. பழைய லயங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும், அந்த நீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். மழை நீர்க் குழாயை மீட்டர்க் குழாயோடு எங்கேயும் இணைக்கவும் கூடாது.

தண்ணீர் திரும்ப வந்ததும் பழுப்பாக வந்தால் தெளியும்வரை வெளிக்குழாயில் ஓடவிடுங்கள், தொட்டிக்குள் விடாதீர்கள். பால் மாதிரி வெள்ளையாக வந்து கிளாசில் அடியிலிருந்து தெளிந்தால் அது வெறும் காற்று.

10. புகார் செய்யும்போது

தனி மீட்டர் என்றால் ஆயர் சிலாங்கூரின் 15300 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தேதி, நேரம், கண்ணாடிக் கிளாசில் பிடித்த தண்ணீரின் படம், மீட்டர் எண் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அந்தப் புகார் எண்ணோடு ஸ்பானுக்கு எழுதலாம். எண் இல்லாமல் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். பில் திடீரென்று கூடியிருந்தால், கசிவு சோதனை செய்த பிறகு மீட்டர் பரிசோதனை கேளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டா, மீட்டரில்தான் கோளாறு என்றால் அது திரும்பக் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீர் ஆபீசுக்கு முன்னால் கிளினிக்குக்குப் போங்கள், என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அலுவலகம் அங்கிருந்தே மாதிரி எடுக்க ஆள் அனுப்பலாம்.